நடுத்தட்டில் வைக்கச் சொன்ன மருந்து

டிசம்பர் 8, திங்கள்

பெருமதிப்பிற்குரிய மருத்துவர் ஜெபசிங் அவர்களுக்கு, ஸைனம்பு நாச்சி பணிவுடன் எழுதிக்கொள்வது. வணக்கம்.

மருந்துப் பெட்டி வந்து சேரும் நாளிலிருந்தே நாட்குறிப்பைத் தொடங்குமாறு தாங்கள் பணித்திருந்தீர்கள். பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. நான் திங்கட்கிழமைதான் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறேன். இந்த மூன்று நாள் தாமதத்திற்குத் தங்கள் மன்னிப்பை வேண்டுகிறேன். தகுதியான குறிப்பேடு கிடைக்காததே காரணம். இறுதியில் என் தங்கை மகள் ருஷ்தா தன் பள்ளி நோட்டு ஒன்றைத் தந்தாள். அட்டையில் பூனைக்குட்டி படம் உள்ளது. அதன்மேல் பழுப்புத்தாள் ஒட்டியிருக்கிறேன்.

தாங்கள் அறிந்தவையே எனினும், ஒரு குறிப்பு தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

இம்மாதம் இருபத்து நான்காம் நாள் எங்கள் ஊரிலிருந்து உம்ராப் புனிதப் பயணம் புறப்படும் குழுவில் பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். இளையவனுக்கு நான்கு வயது. மூத்தவள் ருஷ்தா, பதினாறு. உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து தோளோடு தோள் உரசி நிற்கும் இடம் அது. ஒருவர் தொண்டையில் அமைதியாகக் குடியிருக்கும் கிருமி ஓர் இருமலில் மற்றொருவருக்குத் தாவி, ஒரே நாளில் உயிரைக் கேட்கும் நோயாக மாறக்கூடும். ஊரார் மூளைக்காய்ச்சல் என்பார்கள். நான் மூளையுறை அழற்சி என்றே எழுதுவேன். அங்கே போய்ச் சேர்வதற்குப் பத்து நாளேனும் முன்பாகத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சென்ற மாதமே நகரில் போட்டாயிற்று. பிள்ளைகளுக்குத் தாங்களே நேரில் வந்து போட இசைந்தீர்கள்.

எட்டாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்ட எனக்கு, அகராதியும் நாளிதழும் மட்டுமே ஆசிரியர்கள். அப்படிப்பட்டவளிடம் தாய்மார்களைத் திரட்டும் பொறுப்பையும் மருந்தைக் காக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தீர்கள். நம்மூரில் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடு இல்லை. ஆனால் என் வீட்டைத் தேர்ந்தீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

எதிர்வீட்டு ராபியாவை இணங்க வைக்கத்தான் நான்கு நாள் ஆயிற்று. அவள் மகள் அஃப்ராவுக்குப் பதின்மூன்று வயது. மூன்றாண்டுகளுக்கு முன் வேன் கவிழ்ந்தபோது மண்ணீரல் சிதைந்து, அதை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஊசியைக் கண்டால் அந்தப் பிள்ளைக்கு உடம்பு விறைத்துவிடும். மற்ற பிள்ளைகளுக்கு இது வேண்டிய ஊசி, இவளுக்கு இல்லாமல் ஆகாத ஊசி, மண்ணீரல் இல்லாத உடம்பு இந்தக் கிருமியை எதிர்த்து நிற்காது என்று தாங்கள் தொலைபேசியில் விளக்கியதை ராபியாவிடம் அப்படியே சொன்னேன். என்னை அக்கா முறை வைத்து அழைக்கும் அவள் கடைசியில், "நீங்க பொறுப்பா லாத்தா?" என்று கேட்டாள். நான்தான் பொறுப்பு என்றேன்.

இனி மருந்தைப் பற்றி. வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பனிக்கட்டிப் பொதிகளுடன் பெட்டி வந்தது. "ஃபிரிட்ஜ்ல நடுத்தட்டுல வைங்கம்மா, அது போதும்" என்றீர்கள். அவ்வாறே வைத்தேன். ஆனால் நாளிதழில் விளம்பரம் முதல் இரங்கல் வரை ஒன்றையும் விடாமல் படிப்பது என் வழக்கம். மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பைக் கண்டேன். இதைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எட்டு மணி நேரம் நடுத்தட்டு தாங்காது என்று நானே முடிவு செய்து, வெள்ளி மாலையே மருந்தை அதைவிடக் குளிர்ந்த மேல்பகுதிக்கு மாற்றினேன். அதற்காக அங்கிருந்த நெய்மீன் துண்டுகளையும் இறாலையும் வெளியே எடுத்துப் பொரித்து மூன்று வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. வீட்டில் என்ன விசேஷம் என்று ராபியா ஆள் விட்டுக் கேட்டாள்.

சனிக்கிழமை விடியலிலிருந்து மழை. மின்தடையை ஒத்திவைத்துவிட்டார்கள். விளக்கு ஒரு நிமிடம்கூட அணையவில்லை. இருப்பினும் முன்னெச்சரிக்கை வீணன்று எனக் கருதி மருந்தை அங்கேயே விட்டுவைத்தேன். ஞாயிறு அதிகாலைச் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் எடுத்து, படிந்திருந்த பனியைத் துணியால் ஒற்றி, நடுத்தட்டுக்கு மாற்றினேன். பத்து மணிக்குத் தாங்கள் பெண்கள் கூடித் தொழும் தைக்காவுக்கு வந்தபோது பதினான்கு குப்பிகளும் கண்ணாடி போல் தெளிந்திருந்தன. "மருந்து சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டீர்கள். மிகச் சரியாக இருந்தது என்று விடையிறுத்தேன்.

அஃப்ரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி ஏறும்போது அழவில்லை. அவள் நகம் பதிந்த தடம் இன்னும் என் கையில் இருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

பிள்ளைகளின் நிலை: ஒன்பது பேருக்குக் கையில் வலி. இருவருக்கு நேற்றிரவு இலேசான காய்ச்சல், இன்று இல்லை. நான்கு வயதுப் பிள்ளை ஊசி போட்ட கையால் சோறு உண்ண மறுத்து, ஊட்டிவிடச் சொல்லி ஒரு நாள் முழுவதும் இளவரசனாக இருந்தான். அஃப்ராவுக்குச் சிறு வீக்கம், காய்ச்சல் இல்லை. ருஷ்தாவுக்கு எதுவும் இல்லை. ஆனால் கை வலிக்கிறது என்று சொல்லிப் பாத்திரம் கழுவாமல் தப்பினாள்.

ஊசி முடிந்த பின் குப்பைக்குப் போகவிருந்த மருந்துப் பெட்டிகளிலிருந்து விளக்கத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். இருபுறமும் பொடி எழுத்து, முழுவதும் ஆங்கிலம். பிள்ளைகளின் உடம்பில் ஏறிய மருந்தைப் பற்றித் தாய்மார்கள் தங்கள் மொழியில் அறிந்துகொள்வது முறையல்லவா? ஆகவே அதை நல்ல தமிழில் பெயர்த்து ஒரு கையேடாக வழங்கத் தீர்மானித்திருக்கிறேன். ருஷ்தா அதைக் கைபேசியில் தட்டச்சு செய்து குழுவில் போடுவதாகச் சொன்னாள். "நீங்க எழுதுறத படிக்க இன்னொரு கையேடு வேணும் பெரியும்மா" என்றும் சொன்னாள். அவள் பிறந்தபோது பெயர் தேர்ந்தவள் நான். நேர்வழி நடப்பவள் என்று பொருள்.

இன்று ஒன்றரைப் பத்தி முடித்தேன். 'ஆன்டிபாடி'க்கு ஈடாக 'எதிர்ப்புரதம்' என்ற சொல்லைக் கண்டடையவே முற்பகல் போய்விட்டது. மாலையில் முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

டிசம்பர் 10, புதன்

காலை: மூன்றாம் பத்தி வரை நிறைவுற்றது. நடை தெளிவாக அமைந்திருப்பதாக எனக்கே தோன்றுகிறது. அடுத்து, மருந்தைப் பாதுகாக்கும் முறை பற்றிய பத்தி. அது சிறியது. பகலுணவுக்கு முன் முடித்துவிடலாம்.

டிசம்பர் 10, புதன், பிற்பகல்

மொழிபெயர்ப்புப் பணி இன்று தொடரவில்லை. கண் வலி. பிள்ளைகள் அனைவரும் நலம்.

டிசம்பர் 11, வியாழன்

பிள்ளைகள் நலம். அஃப்ராவின் கை வீக்கம் வடிந்துவிட்டது.

காலையில் குளிர்பதனப் பெட்டியை நிறுத்தி, தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துச் சோப்பு நீரில் கழுவினேன். மேல்பகுதியில் விரல் தடிமனுக்குப் பனி இறுகியிருந்தது. அது கரைந்து வடியும் வரை முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சமையற்கட்டுத் தரை, அதன் பிறகு கொல்லைக் கதவு. கொல்லைக் கதவைக் கழுவியதற்கு என்ன காரணம் என்று ருஷ்தா கேட்டாள். கறை என்றேன்.

விளக்கத்தாளின் நான்காம் பத்தியையும் முடித்துவிட்டேன். இரண்டு பாகை முதல் எட்டுப் பாகை வரையிலான குளிரில் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்தியில் வேறொன்றும் குறிப்பிடத்தக்கதாக இல்லை.

பதினொன்றே கால் மணிக்குத் தங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். தாங்கள் மிக்க பரிவுடன் பேசினீர்கள். அஃப்ராவின் கையைப் பற்றிக் கூறினேன். வீக்கம் வடிந்தால் கவலை வேண்டாம், இரண்டு மாதம் கழித்து அவளுக்கு இன்னொரு தவணை போட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள் என்றீர்கள். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று தாங்களாகவே கேட்டீர்கள். இல்லை என்றேன். பின்னணியில் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. தங்கள் நேரம் அருமையானது.

பொதுவாக எழும் ஓர் ஐயத்தை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். ஒரு மருந்து அளவுக்கு மேல் குளிர்ந்து, பின்னர் பழைய நிலைக்கே திரும்பி, நிறத்திலோ தெளிவிலோ எந்த மாற்றமும் இல்லாமல் இருக்குமானால், அதன் ஆற்றலும் அவ்வாறே இருக்கும் என்று கொள்வது அறிவுக்குப் பொருந்துமா? நீர் உறைகிறது, உருகுகிறது, மீண்டும் நீராகவே இருக்கிறது. அகராதியில் சில சொற்களை மறுபடியும் பார்த்தேன். ஒரு சொல்லுக்கு மூன்று அகராதிகளைப் புரட்டினேன். மூன்றும் ஒரே பொருளைத்தான் தருகின்றன.

மாலை நான்கு மணிக்கு ராபியா வந்தாள். அஃப்ராவுக்கு வாங்கிய காலணியை எனக்குக் காட்டவே வந்தாள். நெடுந்தொலைவு நடக்கத் தோதான, மெத்தென்ற அடி. கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதென்று பிள்ளையின் கழுத்தில் தொங்கவிடப் பெயரட்டையும் தைத்து வைத்திருக்கிறாள். மூன்று ஆண்டுகளாகச் சளி இருமல் என்றாலே அந்தப் பிள்ளையைக் கூட்டத்துக்குள் விடாதவள் அவள். கல்யாண வீட்டுக்கும் அனுப்பியதில்லை. பெருநாள் தொழுகைத் திடலுக்கும் அனுப்பியதில்லை. இப்போது நான் சொன்னதை நம்பி உலகத்திலேயே பெரிய கூட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போகிறாள். "ஊசி போட்ட அன்னைக்குத்தான் லாத்தா நான் அசந்து தூங்குனேன்" என்றாள்.

அவளுக்குத் தேநீர் போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் அப்படியே குடித்து முடித்தாள்.

இன்றைக்குப் பதினொன்று. ஊசி போடுவதற்கு விதிப்படி கடைசி நாள் பதினான்கு, ஞாயிறு. இது தகவலுக்காக மட்டும்.

டிசம்பர் 12, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ருஷ்தா கையேட்டைக் கைபேசியில் ஏற்ற உட்கார்ந்தாள். அரையாண்டுத் தேர்வுக்கு நடுவே ஒரு நாள் விடுமுறை அவளுக்கு. ஆங்கிலத்தாளை ஒரு பக்கமும் என் தமிழை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டாள். பிழை கண்டுபிடித்து என்னைச் சீண்டுவதில் அவளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நான் கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியும்மா, நாலாவது பத்தியில ரெண்டு வரிய விட்டுட்டிய."

இடம் போதவில்லை என்றேன்.

"ஒரு பக்கம் வெறுந்தாளா இரிக்குதே."

முக்கியமில்லாத வரிகள் என்றேன். அவள் அவற்றை வாசித்தாள். ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, தமிழிலும் சொன்னாள். "உறைய வைக்கக் கூடாது. உறைஞ்சு போன மருந்த போடாம தூக்கி எறிஞ்சிரணும்." பிறகு வாசிப்பதை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை இரவு நெய்மீன் பொரியல் தின்றவள்தான் அவளும். எங்கிருந்து அந்த மீன் வெளியே வந்தது, அதன் இடத்தில் எது போனது என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தோசை கருகிய வாடை வந்தது. அவளே எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

"எனக்கும் அதத்தான போட்டாங்க?" என்று கேட்டாள். ஆம் என்றேன். "அஃப்ராவுக்கும்?" என்றாள். ஆம் என்றேன். அவள் அதற்கு மேல் ஒரு கேலியும் செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

மருத்துவர் அவர்களே, மூன்று நாட்களாக என் மனத்தில் ஓடியவற்றைத் தங்களிடம் மறைப்பதில் இனிப் பயனில்லை. தடுப்பூசிச் சான்றிதழ்கள் பதினான்கும் முறையாக இருக்கின்றன. விமான நிலையத்தில் எவரும் எதையும் கேட்கப் போவதில்லை. வாயைத் திறவாமல் இருந்தால் ஊரில் என் பெயர் இருந்தபடியே இருக்கும். குழு குறித்த நாளில் புறப்படும். பிள்ளைகளில் எவருக்கும் ஒன்றும் நேராமலே போகலாம். புதன் பகலிலிருந்து நான் உட்கார்ந்திருந்தது அந்தப் 'போகலாம்' என்பதன் மேல்தான். தங்களிடம் பேசியபோதும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணிக்கு எதிர்வீட்டுக்குப் போனேன். போகும்போதே வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன். எதிர்பாராச் சூழலின் காரணமாக, மின்வாரிய அறிவிப்பைக் கருத்தில் கொண்டு, நல்லெண்ணத்தின் அடிப்படையில். ராபியா கூடத்தில் அமர்ந்து பயணத்துக்கு முறுக்கு சுட மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் பேசத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் பேசியிருப்பேன்.

அவள் மாவிலிருந்து கையை எடுக்காமல், "லாத்தா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஊசிக்கு என்ன?" என்றாள்.

மருந்தை நான் மீன் வைக்கும் பெட்டியில் வைத்துவிட்டேன், அது கட்டியாகிவிட்டது, கட்டியான மருந்து வேலை செய்யாது என்று சொன்னேன். என் வாழ்நாளில் அத்தனை குறுகிய வாக்கியங்களை நான் பேசியதில்லை.

அவள் மாவிலிருந்து கையை எடுத்தாள். பிள்ளைக்குக் கெடுதல் உண்டா என்று கேட்டாள். கெடுதல் செய்யும் என்று தாளில் இல்லை, ஆனால் காப்பும் இராது என்றேன். பிறகு அவள் கேட்டதை நான் எந்த ஒப்பனையும் இல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமை."

"நேத்து என் கையால செருப்ப வாங்கிப் பாத்திய."

"ஆமா."

"அப்பவும் தெரியும்."

"தெரியும்."

அவள் எழுந்து கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது. நான் எழுந்து வந்துவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். உள்ளறையில் அஃப்ரா பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மறுபடியும் ஊசி என்பதை யார் சொல்வது என்று என் மனம் கணக்குப் போட்டது. அதையும் நான்தான் சொல்ல வேண்டும். போன முறை பிடித்த கையை இந்த முறை அவள் பிடிப்பாளா என்பது தெரியாது.

ராபியா திரும்பி வந்தபோது தலையில் முக்காடு போட்டிருந்தாள். மற்றப் பன்னிரண்டு பிள்ளைகளின் வீடுகளையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். "வாங்க, ஜும்ஆ முடிஞ்சு ஆம்பளைங்க வர்றதுக்குள்ள பொம்பளைங்க கிட்ட சொல்லிரலாம். நீங்கதான் சொல்லணும். நான் கூட நிக்கிறேன்" என்றாள்.

ஒன்பது வீடுகள், பன்னிரண்டு பிள்ளைகள். முதல் வீட்டில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் வீட்டில் ஒரு தாய், படிச்ச திமிரு என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். நான் மறுக்கவில்லை. ஐந்தாம் வீட்டில் இரட்டையர் இருவரும் மறுபடியும் ஊசியா என்று கேட்டு ஒரே சுருதியில் அழுதார்கள். நான்கு வயது இளவரசன் மட்டும் மறுபடியும் சோறு ஊட்டுவார்களா என்று விசாரித்தான். ஏழாம் வீட்டில், பயணத்தையே தள்ளிவைக்க வேண்டியிருக்குமோ என்று கேட்டார்கள். மருந்து நேரத்துக்குக் கிடைத்தால் வேண்டாம், கிடைக்காவிட்டால் எனக்குத் தெரியவில்லை என்றேன். ராபியா என்னோடு ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். வழியில் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இப்போது பிற்பகல் மூன்று மணி. தங்கள் தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நான்கு முறை முயன்றேன். மருத்துவமனையில், தாங்கள் மாநாட்டுக்காக வெளியூர் சென்றிருப்பதாகவும், மாலையில் கைபேசியில் செய்திகளைப் பார்ப்பீர்கள் என்றும் கூறினார்கள். ஆகவே இந்த நோட்டின் எல்லாப் பக்கங்களையும் ருஷ்தா படமெடுத்து அனுப்புகிறாள். எட்டாம் தேதிப் பக்கத்தில் என்னை நானே மெச்சிக்கொண்டு எழுதியிருப்பது உட்பட எதையும் நீக்கவில்லை.

அதற்கு முன்னால், தாங்கள் உடனே பார்க்கத் தக்கதாக ஒரு சிறு செய்தி எழுத வேண்டும் என்று ராபியா என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துரும். சுத்தி வளைக்காம எழுதுங்க" என்றாள். இரண்டாவதாக எழுதியதையும் வாசித்தேன். அதிலும் பாதியை எடுக்கச் சொன்னாள். மூன்றாவதைக் கேட்டுத் தலையசைத்தாள். அது இது:

டாக்டர், ஊசி மருந்து உறைந்துவிட்டது. நான் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு காலை வரை ஃபிரீசரில் வைத்துவிட்டேன். தெரியாமல் செய்தேன். புதன்கிழமை தெரிந்தது, தெரிந்தும் உங்களிடம் சொல்லவில்லை. பதினான்கு பிள்ளைகளுக்கும் மறுபடியும் போட வேண்டும். ஒருத்திக்கு மண்ணீரல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள். பதினான்கு மருந்து கிடைக்குமா, நீங்கள் வர முடியுமா, அல்லது நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே வர வேண்டும்? இந்த முறை மருந்து என் வீட்டுக்கு வர வேண்டாம்.

சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.